ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவார்கள்? பிஜி சீட் எடுக்கும் முன் விசாரிக்க வேண்டியவை

எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்கள் மேற்படிப்பில் (பிஜி) சேர எழுதும் நீட் பிஜி தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டால் எனக்கு போன் ஓயாது. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் அண்ணனின் மகள், ஆத்தூரிலிருந்து ஒரு பையனின் அப்பா, ஏற்காட்டு மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் ஜூனியர் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். கேள்வி ஒன்றுதான்: "மெடிசினுக்கு எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" ஒரு காலேஜ் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். நான் சொல்வதில்லை. மூன்று வருஷம் ஒருவர் தூக்கத்தைத் தொலைத்து உழைக்கப்போகிற இடம் அது. அங்கே உருவாகிற டாக்டரை நம்பித்தான் அப்புறம் ஆயுள் முழுக்க ஜனங்கள் வந்து நிற்பார்கள். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனசு வராது.

நான் சேலத்தில் பொது மருத்துவம் எம்.டி. படித்தவள். இப்போதும் இதே ஊரில்தான் வேலை. பல ஊர்களில் எம்.டி.யோ, அதற்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி.யோ முடித்து வந்தவர்களோடு ஒரே ஐ.சி.யூ.வில் டியூட்டி பார்த்திருக்கிறேன். யார் நன்றாகத் தேறி வந்தவர் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். மூச்சுத் திணறலோடு ஒருவரை உள்ளே கொண்டுவரும்போது அவர் கை எங்கே போகிறது, யாரிடம் என்ன கேட்கிறார், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிறார் என்பதிலேயே தெரியும். இதற்கும் அவர்கள் படித்த காலேஜின் பேருக்கும் பெரிய சம்பந்தம் இருந்து நான் பார்த்ததில்லை. பேசிப் பார்த்தால் வேறொரு விஷயம் வெளியே வரும். ஃபர்ஸ்ட் இயரில் தடுமாறிய ராத்திரிகளில் பக்கத்தில் ஒரு சீனியர் நின்றிருப்பார். தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தரவரிசையை வைத்து முடிவெடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தனிப்பிரிவு 2018 முதல் இருக்கிறது. ஆசிரியர்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், பொதுவான மதிப்பு இப்படிப் பலவற்றையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. மொத்தக் கல்லூரிக்கும் ஒரே எண். நீங்கள் சேரப்போவது ஒரு டிபார்ட்மென்ட்டில், அதிலும் ஒரு யூனிட்டில், அதாவது சில ஆசிரியர்களும் அவர்களின் பிஜிக்களும் சேர்ந்த ஒரு குழுவில். ஒரே கட்டடத்தில் மயக்கவியல் அருமையாக நடக்கும், அடுத்த மாடியில் இன்னொரு துறையில் வகுப்பு என்பதே பெயருக்குத்தான் இருக்கும். பட்டியல் இதைச் சொல்லாது.

"நூறு சதவீதம் பாஸ்" என்பதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். எம்.டி., எம்.எஸ். பிராக்டிகல் பொதுவாக அவரவர் கல்லூரியிலேயே நடக்கிறது. வெளியிலிருந்தும் தேர்வாளர்கள் வருவார்கள், சொந்த ஆசிரியர்களும் உட்கார்ந்திருப்பார்கள். டி.என்.பி.யில் தேசியத் தேர்வு வாரியமே நடத்தும் தேர்வு; பழக்கமில்லாத ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் முன் கேஸ் சொல்ல வேண்டும். இரண்டின் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போடுவது நியாயமில்லை. டி.என்.பி. என்றாலே மட்டம் என்று நினைக்கிற பெற்றோர்களுக்காக இதைச் சொல்கிறேன். நல்ல டி.என்.பி. ஆஸ்பத்திரியில் கன்சல்டன்ட் கூடவே நின்று கற்றுக்கொண்டு வந்தவர்களை நான் மதிப்போடு பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நோயாளிகள். இந்த விஷயத்தில் சேலம் கொடுத்துவைத்த ஊர். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-ல் வந்தது. கல்லூரி ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் இருந்தாலும் ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவே இருக்கிறது. எடப்பாடி, மேட்டூர், ஆத்தூர், ஏற்காடு மட்டுமில்லாமல் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஜனங்கள் ஜி.எச்.சுக்கு வருகிறார்கள். இந்த வட்டாரத்தில் மெடிசின் படிக்கிறவர் பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்த கேஸ், முற்றிய காசநோய், சர்க்கரையால் புரையோடிய கால் இவற்றைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் இருந்தால் படிப்பு தானாக வந்துவிடாது. நாள் முழுக்க ரத்தம் எடுப்பது, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்றே மூன்று வருஷத்தைக் கடத்திய பிஜிக்களும் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். ஆயிரம் பேரைப் பார்த்தேன் என்பார்கள். அந்த ஆயிரத்தில் எத்தனை பேரைப் பற்றி ஒரு ஆசிரியர் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார் என்றால் பதில் வராது.

நான் சொல்ல வருவதைப் புரியவைக்க ஒரு கேஸைச் சொல்கிறேன். நான் ஃபர்ஸ்ட் இயர். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் வேலை செய்யும் அம்மாவைக் கையில் பாம்பு கடித்து, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வண்டியில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். நள்ளிரவு தாண்டிவிட்டது. கை வீங்கியிருந்தது. கூட வந்தவர்கள், "விரியன்தாங்க, சீக்கிரம் மருந்து போடுங்க" என்று கதறினார்கள். எனக்குக் கை நடுங்கியது. விஷமுறிவு மருந்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு யூனிட்டின் உதவிப் பேராசிரியரை போனில் கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இருபது நிமிஷ டெஸ்ட் போட்டாச்சாம்மா?"

பதில் சொல்வதற்குள் கிளம்பி வந்துவிட்டார். வந்ததும் முதலில் டெஸ்ட் ட்யூபைப் பார்த்தார். இந்தச் சோதனைக்கு ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ, நல்ல ரத்தம்கூட உறையாமல் போய் நம்மை ஏமாற்றிவிடும். நான் வைத்திருந்தது கழுவிய குழாய். அவர் திட்டவில்லை. அலமாரியில் புதுக் குழாய்கள் எங்கே இருக்கும் என்று காட்டினார், என்னையே திரும்ப ரத்தம் எடுக்கவைத்தார். அந்த இருபது நிமிஷமும் கட்டில் பக்கத்தில் நின்றபடி கண் இமை இறங்குகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, ஈறில் ரத்தம் கசிகிறதா, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக என்னையே பார்க்கச் சொன்னார். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதச் சொன்னார்.

ரத்தம் கெட்டியாக உறைந்திருந்தது. மலைத் தோட்டங்களில் பச்சைக் குழிவிரியன் உண்டு. நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாராவது. குழிவிரியனுக்கு அதில் பலன் கிடையாது. சும்மா ஏற்றினால் ஒவ்வாமை ஆபத்துதான் மிச்சம். "கொண்டுவந்தவங்க பாம்பு பேரைச் சொல்லுவாங்க. நீ ஆளைப் பார்" என்றார். அரை மணிக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பப் போட்டோம். மருந்து தேவைப்படவில்லை. வீக்கம் வடிந்து அந்த அம்மா வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் யூனிட் மீட்டிங்கில் இந்த கேஸை நான்தான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்துகொண்டு படிக்கும் இந்த ரெசிடென்சியின் தரம் என்று நான் சொல்வது இதைத்தான். கூப்பிட்டதும் ஒருவர் வந்தார், வேலையை என் கையிலிருந்து பிடுங்கவில்லை, செய்யவைத்தார், அப்புறம் அதைப் பாடமாகவும் ஆக்கினார். இதே ராத்திரி இன்னொரு இடத்தில் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நண்பர் ஒருவர் படித்த இடத்தில், ராத்திரி கூப்பிட்டால் "இதுக்கெல்லாமா எழுப்புவே?" என்பார்களாம். அதனால் யாரும் கூப்பிடவே மாட்டார்கள். செகண்ட் இயர் ஃபர்ஸ்ட் இயருக்குச் சொல்லிக்கொடுப்பார், தப்பும் சேர்ந்தே கைமாறும். காலையில் ரவுண்ட்ஸில் நோயாளி இல்லாத கட்டிலைக் கடந்து போய்விடுவார்கள், ஏன் இறந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் நேரில் போக வேண்டும். ஹெச்.ஓ.டி.யை, அதாவது துறைத் தலைவரைப் பார்ப்பது மரியாதைக்கு நல்லது, தகவலுக்கு உதவாது. நீங்கள் பேச வேண்டியது செகண்ட் இயர் பிஜிக்களிடம். ஃபர்ஸ்ட் இயருக்குப் பேச நேரமே இருக்காது, மனசும் அடிபட்டிருக்கும். ஃபைனல் இயர் பரீட்சை நினைப்பில் இருப்பார், போகப்போகிற ஆள் வேறு. யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டேக்கு மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் பிடித்தால் செகண்ட் இயர் மனசு விட்டுப் பேசுவார்.

கேட்கிற விதமும் முக்கியம். "டீச்சிங் எப்படி இருக்கு அண்ணா?" என்றால், "நல்லா இருக்கும்மா" என்றுதான் பதில் வரும், புது ஆளிடம் தன் டிபார்ட்மென்ட்டைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அபிப்பிராயம் கேட்காமல், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். கடைசியா ராத்திரி சீனியரைக் கூப்பிட்டது எப்போ, யார் வந்தாங்க? முதல் தடவை சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்ல விடுற ட்யூப்) போட்டப்போ பக்கத்துல யார் நின்னாங்க? போன வாரம் எந்த தலைப்புல ஜர்னல் கிளப் (ஆராய்ச்சிக் கட்டுரையை அலசுற கூட்டம்) நடந்தது? கடைசியா வார்டில் இறந்தவர் கேஸ் எந்த மீட்டிங்கில் வந்தது? நடந்திருந்தால் யோசிக்காமல் சொல்வார்கள். நடக்கவில்லை என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

மலையில் வேலை பார்த்தாள் என்று மேலே சொன்னேனே, அந்த ஜூனியர் இதை அப்படியே செய்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒற்றை ஆளாகப் பிரசவம், காய்ச்சல், தேனீக் கொட்டு எல்லாம் பார்த்தவள். பயந்த பெண் இல்லை. எல்லோரும் பரிந்துரைத்த ஒரு பெரிய இடத்துக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாள். "அக்கா, கேட்டேங்க்கா. எல்லாரும் ரொம்ப நல்லாத்தான் பேசினாங்க. ஆனா ராத்திரி யார் வருவாங்கன்னு கேட்டதுக்கு, 'நாங்களே மேனேஜ் பண்ணிக்குவோம்'னு பெருமையா சொன்னாங்க. பி.எச்.சி.யில நான் அதைத்தானேங்க்கா பண்ணிட்டிருக்கேன்?" அவள் அவ்வளவு சொன்னதும் அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை வெப்சைட்டில் எண்ணாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது மட்டும் தென்படுகிற முகங்கள் நம் நாட்டில் புதிதில்லை. தேசிய மருத்துவ ஆணையம் வருகைப் பதிவைக் கடுமையாக்கியிருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் ஓ.பி.யில் ஒரு வேலை நாள் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். போர்டில் இருக்கிற பெயருக்கு நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, பிஜி எழுந்துபோய், "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு நோயாளியையாவது காட்டுகிறாரா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தனியார் கல்லூரி என்றால் வார்டுக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். கட்டிலில் நிஜமாகவே நோயாளிகள் இருக்கிறார்களா, அவர்களுக்கு மருந்து ஏறுகிறதா, அல்லது சாப்பாட்டுக்காகவும் கூலிக்காகவும் படுக்கவைக்கப்பட்டவர்களா என்பது டாக்டர் கண்ணுக்குத் தப்பாது.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். நாமக்கல், கிருஷ்ணகிரி எல்லாம் அதில் வந்தவை. இதுபோல் புதிய இடங்களில் பிஜி தொடங்கும்போது முதல் பேட்சாகச் சேர்கிறவர்களுக்கு மேலே சீனியர்கள் இருக்க மாட்டார்கள். ராத்திரி முழுச் சுமையும் உங்கள் தலையில்; ஆனால் ஆசிரியர் நல்லவராக வாய்த்துவிட்டால் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை, நேரடியாகக் கற்றுக்கொள்ளலாம். அங்கே விசாரிக்க வேண்டியது அந்த இரண்டு மூன்று ஆசிரியர்களைப் பற்றித்தான். அவர்கள் முன்பு இருந்த இடத்தில் படித்த பிஜிக்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

பிஜி தான் செய்த வேலைகளை எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் லாக்புக்கைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். வாரா வாரம் வேறு வேறு பேனாவில் கையெழுத்து இருந்தால் சந்தோஷம். பரீட்சைக்கு முன்னால் ஒரே மையில் ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து தனியாகத் தெரியும். தீசிஸும், அதாவது பிஜி எழுதும் ஆய்வேடும் அப்படியே. பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பாகவே கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கைடு எத்தனை தடவை திருத்திக் கொடுத்தார் என்று கேளுங்கள். எங்கள் கைடு ஒரு அட்டவணைக்காக என்னை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறைக்கு மறுபடி அனுப்பினார், அப்போது கோபம் வந்தது. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் எடுத்தால் எண்கள் எங்கே இடறும் என்று இன்று எனக்குத் தெரிவது அவரால்தான்.

துறைக்குத் துறை கேள்வி கொஞ்சம் மாறும். சர்ஜரி, மகப்பேறு, எலும்பு என்றால் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்பதைவிட, ஃபைனல் இயர் தன் கையால் எதைச் செய்கிறார் என்று பாருங்கள். சிலர் மூன்று வருஷமும் வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தே வெளியே வருகிறார்கள். ரேடியாலஜியில் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை பிஜி எழுதி சீனியர் திருத்துகிறாரா, வெளியே அனுப்பி வாங்குகிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் உண்டு. மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை செய்ய வேண்டும். பலர் இதை லீவு மாதிரி நினைக்கிறார்கள். அப்படி நினைக்காத டிபார்ட்மென்ட்டைத் தேடுங்கள். நல்ல யூனிட் தன் பிஜி போன இடத்திலிருந்து போன் செய்தால் எடுக்கும், திரும்பி வந்ததும் அங்கே பார்த்த கேஸ்களைக் கேட்கும்.

வேலை நேரம் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள், சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்று. கேளுங்கள். 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி விதி, தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக டியூட்டி போகக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. 2023-ன் பிஜி விதிகள் வாரம் ஒரு நாள் ஓய்வு, நியாயமான வேலை நேரம் என்கின்றன. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலக் குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. போன மாதம் எத்தனை நாள் வார ஓய்வு கிடைத்தது என்று செகண்ட் இயரைக் கேட்டால் நிஜம் தெரியும். கடந்த சில வருஷங்களில் எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். தொடர்ந்து ஆட்கள் விட்டுப் போகிற டிபார்ட்மென்ட்டை, "அவங்களுக்குத் தாங்கல" என்று யார் சமாதானம் சொன்னாலும், நான் என் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், டியூட்டியில் இருந்த பிஜி டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொல்லப்பட்டார். டியூட்டி ரூம் எங்கே, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்களுக்குத் தனியா, கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறதா, ஹாஸ்டலிலிருந்து கேஷுவாலிட்டிக்கு வரும் வழியில் விளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். கூட அப்பாவோ அண்ணனோ வரட்டும், தப்பில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டைபண்ட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், கைக்கு வந்து தங்குகிறதா என்று கேளுங்கள். கணக்கில் போட்டுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிற இடங்கள் உண்டு என்று அனுபவப்பட்டவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் ஜூனியர் கடைசியில் பேர் அவ்வளவு அடிபடாத ஓர் இடத்தைத் தன் விருப்பப் பட்டியலில் முதலில் வைத்தாள். மலையில் பார்த்த பணிக்கு ஊக்க மதிப்பெண்ணும் இருந்ததால் அவளுக்குத் தேர்ந்தெடுக்க இடமிருந்தது. அங்கே டீக்கடையில் ஒரு செகண்ட் இயர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் யூனிட் உதவிப் பேராசிரியர் போனில் கூப்பிட்டு, காலையில் சேர்த்த நோயாளியின் பொட்டாசியம் எவ்வளவு வந்தது என்று கேட்டாராம். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போன ஆசிரியர். அந்த ஒரு போன் அவளுக்குப் போதுமாக இருந்தது. வீட்டில் ஒரு வாரம் வருத்தப்பட்டார்கள், சொந்தக்காரர்களிடம் பேர் சொல்ல முடியவில்லையே என்று. அப்புறம் பழகிவிட்டது.

கவுன்சலிங்கில் விருப்பமான இடங்களை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில், நீங்கள் விசாரித்து முடித்த வரிசையிலேயே போடுங்கள். போன வருஷ கட்-ஆஃபைப் பார்த்து, கிடைக்காது என்று நினைக்கிற இடத்தைக் கீழே தள்ள வேண்டாம். மேலே வைப்பதால் நஷ்டம் எதுவும் கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டையும் மாநில ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்றுக்கு அப்புறம் சீட்டை விட்டால் அபராதம், எந்தச் சுற்றோடு அடுத்த கவுன்சலிங் கதவு மூடும் என்பதை அந்த வருஷத்து விளக்கக் குறிப்பில் நீங்களே படியுங்கள், சீனியர் சொன்னார் என்று விடாதீர்கள். விதி வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. சேரும் அன்று பாண்டு பேப்பரை நீட்டுவார்கள். எத்தனை வருஷ சேவை, பாதியில் போனால் எவ்வளவு தொகை, ஒரிஜினல் சர்டிஃபிகேட் யாரிடம் இருக்கும், இந்த மூன்றையும் படித்துவிட்டு, ஒரு நகல் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.